நல்ல அளவு காட்டும் கெட்ட கேபிள்

புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் மூன்று மாடி வீடு ஒன்றின் மொட்டை மாடியில் ஹாம் ரேடியோக்காரர் ஒருவர் ஆண்டெனா நட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் அலைவரிசை, அதாவது 146 மெகாஹெர்ட்ஸ் பக்கம். ரிக், அதாவது அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவி, இருப்பது தரைத்தளத்தில். கைப்பிடிச் சுவரைத் தாண்டி, சன்ஷேடில் இறங்கி, ஜன்னல் வழியாக உள்ளே வர 30 மீட்டர் கேபிள் வேண்டும். மலிவாகக் கிடைத்த ஆர்.ஜி.58-ஐ, வெறும் 5 மில்லிமீட்டர் கனமுள்ள கறுப்பு கோயாக்ஸை, இழுத்துப் போட்டாயிற்று. அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்து அளவு காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரின் ஊசி ஒன்றரைக்குக் கீழே நிற்கிறது; ஒன்று என்றால் எதுவும் திரும்பவில்லை என்று பொருள். இரண்டுக்குள் இருந்தால் பயமில்லை என்பது ஹாம்களின் பாலபாடம். மனிதர் நிம்மதியாகப் பேசத் தொடங்குகிறார். ஒருநாள் காற்றில் மேலே கனெக்டர் பிய்ந்து, ஆண்டெனா ஒருபுறமும் கேபிள் ஒருபுறமும் ஆகிவிடுகிறது. கீழே மீட்டர் காட்டுவது சுமார் 1.7. ஆண்டெனாவே இல்லாதபோதும் ஊசி இரண்டைத் தொடவில்லை.

கதைபோலத் தெரிந்தாலும் இது சுத்தமான கணக்கு. அந்த அலைவரிசையில் 30 மீட்டர் ஆர்.ஜி.58 ஏறத்தாழ 6 டெசிபெல் தின்கிறது. ரிக் 10 வாட் அனுப்பினால் மாடிக்குப் போய்ச் சேர்வது இரண்டரை வாட். மேலே வாங்கிக்கொள்ள ஆண்டெனா இல்லாததால் அந்த இரண்டரையும் அப்படியே திரும்புகிறது. திரும்பும் வழியிலும் அதே கேபிள்தானே? மறுபடி நான்கில் ஒன்றாகித் தரைத்தளத்துக்கு வருவது 0.6 வாட். மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் போனது 10, வந்தது 0.6 என்பது மட்டும். இடையில் காணாமல் போன ஒன்பது வாட் சொச்சம் காற்றில் ஏறியதா, கேபிளைச் சூடாக்கியதா என்று அதற்குத் தெரியாது. திரும்பி வராததெல்லாம் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது என்பது அதன் நம்பிக்கை. இன்னும் நீளமான ஒரு ஆர்.ஜி.58 சுருளை எதிலும் இணைக்காமல் ரிக்கில் செருகினால் ஊசி ஒன்றை விட்டு அசையவே அசையாது. ஆண்டெனாவுக்குப் பதிலாகச் சோதனைக்கு மாட்டும் டம்மி லோடு வாங்கக் காசில்லாதவர்கள் இந்த வித்தையைச் செய்ததுண்டு.

கேபிள் எவ்வளவு மோசமோ அவ்வளவு நல்ல பெயரை அது வாங்கித் தருகிறது. ரேடியோக்காரர்களுக்கு இது பழகிப்போன எரிச்சல். சமயத் தத்துவம் பேசுகிறவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடமும் இதுதான். ஏனென்றால் பிறர் வாயிலிருந்து வந்த சொல்லை, அதுவும் ஆயிரம் ஆண்டு கடந்து வந்த சொல்லை, எதைக் கொண்டு நம்புவது என்ற கேள்வியை அவர்கள் விட்டபாடில்லை.

மணிமேகலையில் அந்தக் கேள்விக்குத் தனி இடமே உண்டு. வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களைக் காப்பியத் தலைவி சந்திக்கும்போது முதலில் கேட்கக் கிடைப்பது அளவைகளின், அதாவது உண்மையை அறியும் வழிகளின், பட்டியல்தான். வேதவியாசருக்குப் பத்து அளவை, கிருதகோடிக்கு எட்டு, சைமினிக்கு ஆறு. பின்னால் காஞ்சியில் அறவண அடிகள் அத்தனையையும் இரண்டாகச் சுருக்கிவிடுகிறார்: கண்ணால் காண்பது, கண்டதை வைத்துக் கருதுவது. சான்றோர் வாக்குக்குத் தனி நாற்காலி கிடையாது. சொன்னவர் நம்பத் தகுந்தவரா என்று கருதிப் பார்த்துத்தான் அவர் சொல்லை ஏற்கிறோம், ஆகவே அதுவும் அனுமானத்தில் அடக்கம் என்பது பௌத்த தர்க்கத்தின் வழி. காஞ்சிக்காரர் என்று மரபு சொல்லும் திக்நாகர் வகுத்துத் தந்த வழி அது. 13-ஆம் நூற்றாண்டில், புதுச்சேரிக்குத் தெற்கே அதிகத் தொலைவில்லாத திருத்துறையூரில் இருந்த அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரை எழுதும்போது அந்த நாற்காலியைத் திரும்பப் போடுகிறார். காண்டல், கருதல், உரை என மூன்று. எத்தனை அளவை சொன்னாலும் இந்த மூன்றில் அடங்கும், ஆனால் உரையை இன்னொன்றுக்குள் கரைக்க முடியாது என்கிறார்.

இரண்டு பேருமே பேசுவது பெரும்பாலும் ஒலிபரப்புகிறவரைப் பற்றி. சொன்னவர் குற்றமற்றவரா, ஆசையோ அறியாமையோ உள்ளவரா என்பது விசாரணை. மீமாம்சகர் ஒரு படி மேலே போய், வேதத்துக்குச் சொன்னவரே இல்லை என்றார். சொன்னவர் இல்லாவிட்டால் சொன்னவரின் குற்றமும் இல்லை. சாமர்த்தியமான வாதம்தான். ஆனால் டிரான்ஸ்மிட்டரைத் தூக்கிவிட்டாலும் கேபிள் அங்கேயேதான் கிடக்கிறது.

கேபிளின் இழப்பைக் கணக்கே போட்டுப் பார்த்த ஒருவர் இருந்தார். ஜான் கிரேக், நியூட்டனுக்குப் பழக்கமான ஸ்காட்லாந்துக் கணித அறிஞர். 1699-இல் கிறிஸ்தவ இறையியலுக்குக் கணித அடிப்படை தருவதாகச் சொல்லி லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு சாட்சியம் கைமாறக் கைமாற, காலம் ஓட ஓட, அதன் மேல் ஐயம் இந்த விகிதத்தில் வளரும் என்று சூத்திரம் எழுதி, நற்செய்தி நூல்களின் நம்பகத்தன்மை கி.பி. 3150 வாக்கில் பூச்சியமாகும் என்று முடித்தார். மனிதகுமாரன் வரும்போது பூமியில் விசுவாசத்தைக் காண்பாரோ என்று லூக்கா நற்செய்தியில் ஒரு கேள்வி வருகிறது. ஆகவே அந்த ஆண்டுக்குள் இரண்டாம் வருகை நடந்தாக வேண்டும் என்பது அவர் கணக்கு. கேட்டால் சிரிப்பு வருகிறது. அதற்குச் சில ஆண்டு முன்னால் ஜான் லாக் இதையே நிதானமாகச் சொல்லியிருந்தார்: ஆவணத்தின் சான்றளித்த நகலை இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்கும், நகலின் நகலை ஏற்காது, மூலத்திலிருந்து தள்ளிப் போகப் போக வலு குறையும்.

கிரேக் சறுக்கிய இடத்தை ஒரு ஹாம் சட்டென்று பிடித்துவிடுவார். அவர் எல்லாச் செய்திக்கும் ஒரே இழப்பு விகிதம் வைத்தார். கேபிள் அப்படி நடந்துகொள்வதில்லை. அதே 30 மீட்டர் ஆர்.ஜி.58, 7 மெகாஹெர்ட்ஸில் நான்கில் ஒரு பங்கைத்தான் விழுங்கும். 146-இல் நான்கில் மூன்று பங்கு போகும். 435-க்குப் போனால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலே பாக்கியம். அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் செம்பின் மேல்தோலுக்கு ஒதுங்குகிறது, தடை கூடுகிறது, இடையிலுள்ள பிளாஸ்டிக்கும் தன் பங்குக்கு உறிஞ்சுகிறது. மரபிலும் இதுவே நடக்கிறது. கொல்லாதே, பசித்தவனுக்குச் சோறு போடு என்பவை தாழ்ந்த அலைவரிசைச் செய்திகள். எத்தனை கை மாறினாலும், எழுதியவன் எவ்வளவு தூங்கி வழிந்தாலும் வந்து சேர்ந்துவிடும். வந்ததை வாழ்க்கையில் உரசியும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மந்திரத்தின் எழுத்தெண்ணிக்கை, ஒரு லிங்கத்தின் பிரமாண அளவு, ஆணவம் பொருளா குணமா என்ற நுணுக்கம் இவையெல்லாம் உயர்ந்த அலைவரிசை. ஒரு எழுத்து போனால் போனதுதான். மூத்தோர் சொல்லை நம்பலாமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதும், எந்த கேபிள் நல்லது என்று அலைவரிசையைச் சொல்லாமல் கடைக்காரரிடம் கேட்பதும் ஒரே ரகம்.

கடைக்காரர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடலாம். இரண்டு மீட்டருக்கு ஆர்.ஜி.213 போட்டால் அதே 30 மீட்டரில் பாதி மிஞ்சும். எல்.எம்.ஆர்.400 போட்டால் பத்தில் ஏழு பங்கு மேலே போகும். இரண்டும் 10 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கனம், வளைக்க அடம் பிடிக்கும், விலையும் அதற்கேற்ப. தெருவுக்குத் தெரு கிடைக்கும் டிவி கேபிளான ஆர்.ஜி.6, 75 ஓம் என்பதால் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் இந்த அலைவரிசையில் அதன் இழப்பு ஆர்.ஜி.213-ஐவிடக் கொஞ்சம் குறைவு; பொருத்தமின்மையால் எஸ்.டபிள்யூ.ஆர். கொஞ்சம் ஏறலாம், அவ்வளவே. அலுமினியப் பின்னலில் சால்டர் ஒட்டாது என்பதுதான் நிஜமான தலைவலி. கடலோர உப்பளத்தில் எந்தக் கேபிளுக்கும் இன்னொரு பகை உண்டு. கனெக்டரைச் சுற்றிய டேப் வெயிலில் பிளந்து, உப்புக்காற்றின் ஈரம் செம்புப் பின்னலுக்குள் புகுந்தால், ஓரிரு மழைக்காலத்தில் பளபளத்த பின்னல் கறுத்து, நகத்தால் சுரண்டினால் பச்சைப் பொடியாக உதிரும். ஈரம் பின்னலோடு ஊறி உள்ளே வெகுதூரம் போகிறது. இழப்பு மாதாமாதம் கூடுகிறது. அதற்கேற்ப கீழே மீட்டரின் அளவு மாதாமாதம் மேம்பட்டுக்கொண்டே வருகிறது!

உப்பளத்திலிருந்து வடக்கே கடற்கரைச் சாலையோடு நடந்தால், செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த கையோடு, 1955-இல், ழான் ஃபிலியோசா தலைமையில் தொடங்கியது. என்.ஆர். பட் முதலிய பண்டிதர்கள் ஊர் ஊராகக் கோயில்களிலும் மடங்களிலும் குருக்கள் வீடுகளிலும் அலைந்து சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டினார்கள். அங்கும் கீழ்த்திசை ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலுமாக ஏறத்தாழ 11,000 சுவடிகள் இருக்கின்றன. 2005-இல் யுனெஸ்கோ இந்தத் தொகுப்பை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. பெரும்பகுதி கிரந்த எழுத்து. பனையோலை இந்த ஈரத்தில் சில நூற்றாண்டு தாங்கினால் அதிகம். ஆகவே கையில் இருப்பது எதுவுமே நகலின் நகலின் நகல்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த மீட்டர் ஊசியின் குணம் நன்றாகத் தெரியும். ஓலையில் செல்லரித்த ஓட்டை வந்ததும் ஏடெழுதுகிறவர் முன்னால் இரண்டு வழி. ஓட்டை இருந்த அளவுக்கு இடம் விட்டு, தெரிந்ததை மட்டும் எழுதலாம். அல்லது யாப்பும் பொருளும் இடறாதபடி தானே ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிவிடலாம். இரண்டாமவரின் ஏடு படிக்கச் சுகமாக இருக்கும், எங்கும் தட்டாது, அடுத்து நகலெடுப்பவர் அதையே விரும்பி எடுப்பார். முதலாமவரின் ஏட்டில் வரிக்கு வரி இடறல். ஆனால் மூலம் எங்கே உடைந்தது என்ற செய்தி அந்த இடறலில்தான் திரும்பி வருகிறது. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கிறவர்கள் அதனால்தான் இரண்டு பாடங்களில் வழவழப்பானதைச் சந்தேகப்படுகிறார்கள். கடினமான சொல்லை எளிதாக்க எழுத்தருக்கு ஆசை வரும்; எளிதான சொல்லைக் கடினமாக்க அவருக்கு என்ன வந்தது? தமிழ் ஏடுகளில் இந்தச் சபலம் இன்னும் அதிகம். ஓலையில் புள்ளி வைப்பதில்லை, ரகரமும் காலும் ஒன்றுபோல இருக்கும், எகர ஏகாரம் ஒன்றுதான். படிக்கிறவர் முடிவு செய்வதே எழுத்து.

உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. அந்த எண்கள் இன்றைக்கும் காலியாகவே நிற்கின்றன. பின்னால் சிதைந்த பாட்டுகளில் புள்ளி புள்ளியாக இடைவெளி. நானூறு என்ற பெயருக்காக இரண்டு பாட்டு எழுதிச் செருக அந்தக் காலத்தில் ஆளுக்கா பஞ்சம்? ஐயர் விட்ட இடம் நல்ல கேபிள் திருப்பித் தரும் பிரதிபலிப்பு மாதிரி: மேலே ஏதோ அறுந்திருக்கிறது என்று கீழே இருப்பவருக்குச் சொல்கிறது.

சமய மரபுகள் தங்கள் இழப்பை எப்படிக் கையாண்டன என்பதில் சிதம்பரமும் காட்டுமன்னார்கோயிலும் இரண்டு துருவம். தேவார ஏடுகளைத் தேடி மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக்கு வந்து பூட்டிய அறையைத் திறந்தபோது பெரும்பகுதியைக் கரையான் தின்றிருந்ததாம். இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டோம் என்று அசரீரி ஆறுதல் சொன்னதாகத் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. பக்தருக்கு இது ஆறுதல். கறாராகப் பார்த்தால் இது ஊசியை ஒன்றில் ஒட்டவைக்கும் பதில், போனதெல்லாம் போக வேண்டியதே என்றால் இழப்பு என்ற சொல்லுக்கே வேலையில்லை. அதே புராணம் அடுத்து நேர்மையான காரியம் ஒன்று செய்கிறது. சொல் கிடைத்தும் பண் கிடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போகிறது. ஓலை எந்த அலைவரிசையைக் கடத்தும், எதைக் கடத்தாது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

காட்டுமன்னார்கோயிலில் நடந்ததாக வைணவர் சொல்வது வேறு விதம். யாத்திரிகர் சிலர் நம்மாழ்வாரின் திருவாய்மொழியிலிருந்து பத்துப் பாசுரங்களைப் பாடினார்கள். கேட்டுக்கொண்டிருந்த வைணவ ஆசாரியர் நாதமுனிகள் கடைசிப் பாசுரத்தில் நிமிர்ந்தார். இந்தப் பத்து, ஓர் ஆயிரத்துள் ஒரு பத்து என்று அதிலேயே கணக்கு இருந்தது. மீதி எங்கே என்று கேட்டார். வந்தவர்களுக்குத் தெரியவில்லை. கும்பகோணம் போய், பிறகு ஆழ்வார்திருநகரி போய் மொத்தத்தையும் மீட்டார் என்பது வரலாறாகப் போற்றப்படும் மரபு. கதையின் அற்புதப் பகுதியை நம்புவது நம்பாதது அவரவர் பாடு. பாட்டுக்குள் எண்ணிக்கை இருப்பது யாரும் புரட்டிப் பார்க்கக்கூடிய உண்மை. போதாததற்குத் திருவாய்மொழி முழுக்க அந்தாதி. ஒரு பாசுரம் முடியும் இடத்தில் அடுத்தது தொடங்கும், நடுவே ஒன்று விழுந்தால் கண்ணி அறுந்தது தெரிந்துவிடும். ஹாம்கள் ஒருவர் செய்தியை ஒருவர் வாங்கி அடுத்த நிலையத்துக்குக் கடத்தும்போது, செய்தியின் தலைப்பிலேயே மொத்தச் சொற்கள் எத்தனை என்று எழுதி அனுப்புவார்கள். எழுதிக்கொண்டவர் எண்ணிப் பார்த்து, குறைந்தால் கேட்பார். 1914-இல் தொடங்கிய அமெரிக்க ஹாம் சங்கத்தின் பெயரிலேயே ரிலே என்ற சொல் உண்டு. கைமாற்றிக் கடத்துவதுதான் அதன் ஆதித் தொழில். நம்மாழ்வார் அந்த எண்ணைத் தலைப்பில் வைக்காமல் ஒவ்வொரு பத்தின் வாலிலும் வைத்தார். கேபிளை நம்ப வேண்டியதில்லை, கேபிள் எதைத் தின்றது என்று கண்டுபிடிக்க வழி இருந்தால் போதும் என்ற தெளிவு இரண்டிலும் இருக்கிறது.

இந்தத் தெளிவு ஹாம்களிடம் எப்போதும் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. அவர்கள் கொடுக்கும் சிக்னல் ரிப்போர்ட் ஒரு உலகப் பொய். போட்டி நாட்களில் எல்லோருக்கும் 'ஐந்து ஒன்பது', அதாவது பிரமாதமாகக் கேட்கிறது. சொன்ன கையோடு அடுத்த வரி: கால்சைன் விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள். இங்கே புகழ்ச்சி வழக்கமாகிவிட்டதால் தகவலாக இருக்கும் தகுதியை இழந்துவிட்டது. குருவின் பெருமையை அடுக்கும் சில மட வரலாறுகளைப் படிக்கும்போதும் இதே ஐந்து ஒன்பதுதான் காதில் விழுகிறது. மறுபக்கம், தொடர்பு நடந்ததற்குச் சாட்சியாகத் தபாலில் வரும் கியூ.எஸ்.எல். அட்டையில் இவர்கள் காட்டும் கறார் வக்கீலுக்கு வராது. தேதி, நேரம், அலைவரிசை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். புதுச்சேரிக்கே அதில் ஒரு பங்கு உண்டு. பிரெஞ்சு இந்தியா என்று தனி நாடாக, எஃப்.என்.8 என்ற முன்னெழுத்தோடு, ஹாம்களின் உலகப் பட்டியலில் இந்த ஊர் இருந்தது. நிர்வாகம் கைமாறிய 1954 நவம்பர் 1 முதல் அந்த நாடு பட்டியலிலிருந்து நீங்கியது. அக்டோபர் 31 வரை நடந்த தொடர்புக்கு அட்டை இருந்தால் இன்றும் செல்லும்.

சாட்சியத்தின் எடை எவ்வளவு என்று நிஜமாகவே தெரிந்த நாள் 2004 டிசம்பர் 26. அபூர்வமான அந்தமான் தொடர்புகளை உலகுக்குத் தருவதற்காகப் போர்ட் பிளேரில் நிலையம் வைத்திருந்த பாரதி பிரசாத், சுனாமிக்குப் பிறகு அதே கருவியைக் கொண்டு பிழைத்தவர்கள் பற்றிய தகவலை நிலப்பகுதிக்குக் கடத்தினார். அன்று அலை புதுச்சேரி, காரைக்கால் மீனவர் குப்பங்களையும் விட்டுவைக்கவில்லை. ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே செய்தி எனும்போது ஐந்து ஒன்பது சொல்லி யாரும் யாரையும் மகிழ்விப்பதில்லை. பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்து வாங்குவார்கள்.

வழியில் இழப்பு இருக்கிறது என்றதும் இன்னும் உரக்கக் கத்தலாம் என்று தோன்றுவது இயல்பு. 1858-இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் தந்திக் கம்பியில் விக்டோரியா மகாராணியின் 98 சொல் வாழ்த்துப் போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. பொறுப்பிலிருந்த வைல்ட்மேன் வைட்ஹவுஸ் கிட்டத்தட்ட 2,000 வோல்ட் ஏற்றி ஓட்டினார். கம்பி மூன்றே வாரத்தில் செத்தது. வில்லியம் தாம்சன் அதற்கு நேர் எதிராக, தூசு அசைந்தாலும் காட்டும் கண்ணாடி கால்வனாமீட்டரைக் கேட்கும் முனையில் வைத்திருந்தார். இன்றைய ஹாமும் உயர் அலைவரிசையில் அந்தப் பக்கம்தான்: பெருக்கியை ரிக் பக்கத்தில் வைக்காமல் கம்பத்தின் உச்சியில், இழப்பு தொடங்குமுன், வைப்பார். கேபிளில் கரைந்து இரைச்சலுக்குள் போய்விட்ட சிக்னலைக் கீழே பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்து பெருகும். ஒலிபெருக்கி வைத்துச் சமயம் வளர்க்கிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கலாம்.

உச்சிக்கே போய்விடுவது என்ற யோசனையைக் கடைசிவரை கொண்டுபோனவர் வள்ளலார். இடையில் கேபிளே வேண்டாம், ரிக்கையே ஆண்டெனா அடியில் வைத்துவிடு என்கிற கட்சி. 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் கொடி ஏற்றிவிட்டுப் பேசியபோது வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் இலட்சியம் வைக்க வேண்டாம் என்றார். அருணந்தி திரும்பப் போட்ட மூன்றாம் நாற்காலி இருந்த ஊரிலிருந்து மேட்டுக்குப்பம் அப்படியொன்றும் தூரமில்லை. உள்ளே விசாரித்து ஒவ்வொருவரும் தாமே காண வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் பேசியதைக் கூட இருந்தவர்கள் எழுதி வைத்தார்கள். பேருபதேசம் என்று இன்று படிக்கக் கிடைப்பது அந்த எழுத்துதான்.